அம்மாவின் தண்ணீர்ப் பெட்டிகள்

எங்கள் வீட்டு ஹால் சுவரில் முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. முன்பு வந்த வெள்ளம் நின்றுவிட்டுப் போன உயரம் அது. எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் சில மாதத்தில் மறுபடி தலைகாட்டும். ஜொகூர் மாநிலத்துச் சாஆ ஊரில், எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளில் இந்தக் கோடு உண்டு. பலர் சோபாவை நகர்த்தி மறைத்துவிடுவார்கள். நான் மறைக்கவில்லை. அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே முதல் தட்டு வரும்படி அளந்து, இரும்பு ரேக் ஒன்றைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினேன். அம்மாவின் தண்ணீர்ப் பெட்டிகளுக்காக.

தண்ணீர்ப் பெட்டி என்பது நாங்கள் வைத்த பெயர். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். பையில் வரும் மருந்துத் தண்ணீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட வேண்டும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதுப் பையை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. விடுமுறை கிடையாது, தீபாவளி கிடையாது. மாதத்துக்கு வேண்டிய பைகள் அட்டைப்பெட்டிகளில் லோரியில் வந்து இறங்கும். பெட்டி நனையக் கூடாது, பையில் அழுக்குப் படக் கூடாது. கிருமி உள்ளே போனால் வயிறு முழுக்கப் பரவிவிடும். இதை நர்ஸ் எங்களுக்கு ஒரு தடவை சொன்னார். அம்மா எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார்.

அம்மா முன்பு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தவர். அந்தச் சுத்தபத்தம் இதிலும் வந்துவிட்டது. காற்றாடியை நிறுத்துவார், ஜன்னலைச் சாத்துவார், முகக்கவசம் போட்டுக்கொள்வார், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். யாராவது கதவைத் திறந்தால் தொலைந்தார்கள். வேலை முடிந்ததும் குழாயைச் சேலைக்குள் மடித்துச் செருகிக்கொண்டு காலைச் சந்தைக்கு நடந்தே போய் மீன்காரரோடு பேரம் பேசிவிட்டு வருவார். தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்கிறோம் என்ற கர்வம் அவருக்கு உண்டு. நான் அந்த ரேக்கை வைத்துக் காப்பாற்ற நினைத்தது அந்தக் கர்வத்தையும்தான்.

நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறேன். வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கிவிட்டு, விடுமுறைக்குச் சாஆவுக்கு வருவேன். எங்கள் ஸ்டோரில் ஒரு பெட்டி தரையைத் தொட்டால் சூப்பர்வைசர் குதிப்பார். பழையது முன்னால், புதியது பின்னால். தேதி வெளியே தெரிய வேண்டும். நடக்க வழி இருக்க வேண்டும். அதே ஒழுங்கை வீட்டிலும் கொண்டுவந்தேன். ரேக்கின் மேல்தட்டில் ஓர் அவசரப் பையும் வைத்தேன். டார்ச், பவர்பேங்க், குடிதண்ணீர், பிஸ்கட், முகக்கவசம், கைகழுவும் மருந்து, பிளாஸ்டிக் உறைக்குள் அம்மாவின் ஆஸ்பத்திரிக் கார்டு. மழைக்காலம் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, பேட்டரி மாற்றி வைப்பேன். வெள்ளம் வரும் ஊரில் இருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

மாமாவுக்கு அந்த ரேக் ஆகவே ஆகாது. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அதே ஊர், இரண்டு தெரு தள்ளி வீடு. கோயில் கமிட்டி, கல்யாணம், கருமாதி எதுவென்றாலும் முன்னால் நிற்கிறவர். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அவர் பேச்சுத்தான் பேச்சு. வரும்போதெல்லாம் ரேக்கைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்.

“என்னம்மா இது, வீடா கிடங்கா? உள்ள நொழஞ்சதும் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு லா.”

இதே மாமா, கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டபோது வீட்டில் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் மைலோ பாக்கெட்டும் கூரை வரைக்கும் அடுக்கியவர். வருகிறவர்களை எல்லாம் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். அந்த அடுக்கின் முன்னால் நின்று படம் எடுத்து உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். ‘அண்ணன் எப்பவும் ரெடி’ என்று ஆளாளுக்குக் கைகூப்பினார்கள். அரிசியை அடுக்கினால் லட்சுமி, மருந்தை அடுக்கினால் மூதேவி. இந்தக் கணக்கை யார் எழுதி வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஊரடங்கெல்லாம் முடிந்த பிறகு ஓர் ஆண்டு மாமா எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். சிகாமட் பக்கம் குடும்பம். பையன் சிங்கப்பூரில் வேலை. நான் முப்பதைத் தாண்டியவள் என்பதால் மாமாவுக்கு என்னைவிட அவசரம். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது. சனிக்கிழமை எனக்கு வேலை. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஹாலில் ரேக் காலியாக நின்றது. அதன் மேல் ஒரு பூப்போட்ட துணியும், பிளாஸ்டிக் ரோஜா ஜாடியும், மாமா வீட்டிலிருந்து வந்த பித்தளைக் குத்துவிளக்கும் இருந்தன.

பெட்டிகளைக் காணோம். பின்கட்டுக்கு ஓடினேன்.

எங்கள் தாமான் வீடுகளில் பின்னால் இழுத்துக் கட்டிய சமையல்கட்டு ஹாலைவிட ஒரு படி தாழ்ந்திருக்கும். அதை ஒட்டித்தான் பெரிய லோங்காங் ஓடுகிறது. வெள்ளம் வந்தால் முதலில் அந்தச் சாக்கடையிலிருந்துதான் ஏறும். அந்த வெறும் சிமென்ட் தரையில், பழைய வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், அம்மாவின் பெட்டிகள் குவிந்து கிடந்தன. மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அவசரப் பையும் அதற்கடியில்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “யாரும்மா இத எடுத்து வெச்சது?”

“மாமாதான். நாளைக்கு ஒரு நாள்தானே” என்றார் அம்மா. குரல் தாழ்ந்திருந்தது. சந்தையில் மீன்காரரை அதட்டுகிற குரல் இல்லை.

மாமா ஹாலிலிருந்தே பதில் சொன்னார். “இந்தப் பொட்டிங்கள பாத்தா அவங்க என்ன நெனைப்பாங்க? அம்மாவுக்குக் கிட்னின்னா பொண்ணுக்கும் வந்துருமோன்னு யோசிப்பாங்க. செலவு நம்ம பையன் தலையில விழும்பாங்க. ஒரு நல்ல காரியம் முடியட்டும். அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்.”

அப்புறம் என்றால் எப்போது? தாலி கட்டிய பிறகா? கேட்டேன். “வாய கொஞ்சம் கொறைச்சா எப்பவோ கல்யாணம் ஆயிருக்கும்” என்றார். கூட வந்திருந்த அவர் மனைவி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் என் பக்கமும் பேசவில்லை. அன்றே எல்லாவற்றையும் தூக்கி ஹாலுக்குக் கொண்டுவந்திருப்பேன். அம்மா என் கையைப் பிடித்து, “எனக்காக ஒரு நாள் பொறுத்துக்கோ பாப்பா. என்னால உன் கல்யாணம் நின்னுச்சுன்னு பேரு வேணாம்” என்றார். ஒரே ஒரு பெட்டியை மட்டும் அம்மாவின் அறைக்குத் தூக்கிப்போய் மேஜை மேல் வைத்தேன்.

மறுநாள் வந்தார்கள். பையன் அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் அவனுடைய அம்மாதான். நல்ல கலகலப்பான அம்மாள், எனக்குப் பிடித்திருந்தது. வேகும் வெயிலில் முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தார். நான் கொடுத்த காப்பியில் உதட்டை நனைத்துவிட்டு அப்படியே வைத்தார். தட்டிலிருந்த வாழைப்பழத்தை, “சளி புடிச்சிருக்கும்மா” என்று ஒதுக்கினார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் மருந்துத் தண்ணீர் மாற்றும் நேரம் வந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. அவர்கள் கார் ஏறிப் போகும்வரை வயிற்றில் பழைய தண்ணீரோடு உட்கார்ந்து பலகாரம் பரிமாறினார்.

போகும்போது, “அடுத்த ஞாயித்துக்கெழம பெரியவங்களோட வந்து பேசி முடிச்சுக்கலாம்” என்றார்கள். மாமாவின் முகம் நூறு வாட்ஸ் பல்பாகிவிட்டது. நான் பெட்டியைத் தூக்கக் குனிந்தேன். “அதான் மறுபடியும் வர்றாங்களே, ரெண்டு வேலையா? ஒரு வாரத்துல என்ன ஆயிறப் போகுது?” என்று தடுத்தார். நான் கத்தினேன். மழை வந்தா யார் தூக்குவாங்க என்று கேட்டேன். “நான் இல்ல?” என்றார், நெஞ்சில் தட்டி. அம்மாவும் ‘விடு பாப்பா’ என்று சொல்லிவிட்டார். காலை ஷிப்டுக்கு நான் செனாய்க்குப் போக வேண்டியிருந்தது. போனேன்.

அந்த வாரம் பெய்த மழையை ஜொகூரில் இருந்தவர்களிடம் விவரிக்கத் தேவையில்லை. வானத்தைக் கிழித்துக்கொண்டு ஊற்றியது. ஒரு காலையில் லோங்காங் நிரம்பி, பின்கட்டுக்குள் தண்ணீர் வந்தது. அம்மா ஹாலில் நின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்பெட்டிகள் ஊறி, மேல்பெட்டிகள் சரிந்து, தார்ப்பாய் மிதந்ததாம். மதியத்துக்குள் ஹாலிலும் ஏறியது. பழுப்புக் கோட்டைத் தொடவே இல்லை. அதற்குக் கீழேயே நின்றுவிட்டது. பூப்போட்ட துணியும் பிளாஸ்டிக் ரோஜாவும் ரேக்கில் துளி நனையாமல் இருந்தன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜாடியை எடுத்து யார் தலையிலாவது போட வேண்டும் போலிருக்கும்.

மாமா வந்தார். அதை நான் மறைக்க மாட்டேன். இடுப்பளவு தண்ணீரில் தெருவைக் கடந்து வந்து, அக்காவை முதுகில் சுமந்து, மீட்புப் படகில் ஏற்றினார். திரும்பி வந்து, அறையில் இருந்த பெட்டியையும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போனார். அதோடு நின்றிருந்தால் வாழ்நாளெல்லாம் அவரைக் கும்பிட்டிருப்பேன்.

நிவாரண மையம் ஒரு பள்ளிக்கூட மண்டபம். வாசலில் மேஜை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் நோய் ஏதாவது இருக்கிறதா என்று மலாயில் கேட்டிருக்கிறார்கள். கர்ப்பிணிகளையும் டயாலிசிஸ்காரர்களையும் முதலில் பிரித்து, படகிலோ லோரியிலோ ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்காகத்தான் அந்தக் கேள்வி. வரிசையில் அவர்களுக்குப் பின்னால், மாமாவிடம் அந்த வரனைச் சொன்ன தரகரம்மா நின்றுகொண்டிருந்தாராம். அம்மா வாயைத் திறக்கும் முன்பே மாமா, “தக் அடா, சிஹாட்” என்றார். ஒன்றுமில்லை, நல்ல உடம்பு. மேஜையில் இருந்தவர் தலையாட்டி, பாயும் போர்வையும் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டார். சுமந்துவந்த அதே முதுகு, அதே வாய்.

நான் செனாயிலிருந்து புறப்பட்டு வந்தேன். பாதி வழியில் ரோடு மூழ்கிக் கிடந்தது. போலீஸ் திருப்பி அனுப்பினார்கள். போன் போட்டேன். “தண்ணிப் பொட்டி இருக்காம்மா?” “இருக்கு, இருக்கு. நீ பத்திரமா இரு” என்றார். மையத்தில் உள்ளவர்களிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். “சொல்லியாச்சு” என்று மாமா போனைப் பிடுங்கிச் சொன்னார். நானும் நம்பித் திரும்பினேன்.

பெட்டி சீக்கிரமே தீர்ந்தது. மாமா மறுபடி தண்ணீரில் இறங்கிப் போய், பின்கட்டில் சாக்கடையில் ஊறிக் கிடந்த பைகளில் கிழியாததாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். “உள்ள பிளாஸ்டிக் நல்லாத்தானே இருக்கு, தொடச்சிட்டு மாட்டிக்கக்கா” என்று சொல்லியிருக்கிறார். முழங்கை வரை கழுவுகிற என் அம்மா, காற்றாடியை நிறுத்துகிற என் அம்மா, பள்ளிக்கூடத்தின் சாமான் அறையில் துடைப்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு துண்டால் அந்தப் பையைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வெளியே தரகரம்மா உட்கார்ந்திருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்குப் போடாமல்.

ரோடு திறந்ததும் நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா பாயில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். வடித்த பையைப் பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. அங்கேயே, அத்தனை பேருக்கும் நடுவில், “எங்கம்மா டயாலிசிஸ் பேஷன்ட்” என்று தமிழிலும் மலாயிலும் தொண்டை கிழியக் கத்தினேன். ஆம்புலன்ஸ் உடனே வந்தது. அவ்வளவுதான் வேலை. ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

அம்மா பிழைத்தார். ஆனால் குழாயை எடுத்துவிட்டார்கள். தொற்றினால் வயிற்றின் உட்சவ்வு கெட்டுவிட்டது, இனி வீட்டு டயாலிசிஸ் முடியாது என்று டாக்டர் சொன்னார். முதலில் கழுத்தில் குழாய், பிறகு ஊசி ஏற்ற நரம்பைத் தடிக்க வைக்கக் கையில் ஓர் அறுவை, பிறகு வாரத்துக்கு மூன்று நாள் சிகாமட்டில் ஒரு மையத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு. போகவர யாராவது வண்டி ஓட்ட வேண்டும். முடித்து வந்தால் அன்றைக்கு எழுந்து நடக்கத் தெம்பிருக்காது. காலைச் சந்தை போனது. மீன்காரர் இன்னும் விசாரிக்கிறார்.

“எல்லாம் நல்லதுக்குத்தான் செஞ்சேன்” என்றார் மாமா. கண் கலங்கித்தான் சொன்னார். எனக்கு இரக்கம் வரவில்லை. வெள்ளத்துக்கு எப்படித் தயாராவது என்று மழைக்காலம் தோறும் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். டார்ச் வையுங்கள், பிஸ்கட் வையுங்கள், முக்கியமான பத்திரங்களை உயரத்தில் வையுங்கள். எல்லாம் வைத்தேனே! அக்காவுக்கு நோயே இல்லை என்று சொல்கிற தம்பியை எந்தத் தட்டில் தூக்கி வைப்பது என்று எந்தப் பிரசுரத்திலும் போடவில்லை.

அந்த வரன் போய்விட்டது. நான் மண்டபத்தில் கத்தியது தரகரம்மா வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘அம்மாவுக்கு உடம்பு இப்படின்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே, நாங்க ஒளிவுமறைவு இல்லாத குடும்பம்’ என்று சொல்லி அனுப்பினார்கள். மாமா என்னைப் பார்த்தார், ‘பார்த்தாயா’ என்பது போல. அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. ஊரார் சமாதானம் செய்ய வந்தார்கள். ஒரே ஊரில் இருந்துகொண்டு தாய்மாமனோடு பேசாமல் இருப்பது நன்றாக இல்லையாம். பெட்டியைச் சாக்கடையோரம் வைத்தது நன்றாக இருந்ததாக்கும்.

சில மாதங்கள் கழித்து அம்மாவுக்கு மையத்தில் நேரம் மாற்றிக் கொடுத்தார்கள். அன்று எனக்கு விடுமுறை, நான்தான் கூட்டிப்போனேன். அம்மாவை நாற்காலியில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்து நாற்காலியில் அந்தப் பையனின் அம்மா படுத்திருந்தார். சட்டைக் கையை மேலே சுருட்டியிருந்தார். கை நரம்பு புடைத்து, கயிறு சுற்றியது போலிருந்தது. அது ஒரு நாளில், ஒரு மாதத்தில் ஆகிற கை இல்லை. வருஷக்கணக்காக ஊசி வாங்கிய கை. எங்களைப் பார்த்ததும் சட்டைக் கையைக் கீழே இழுக்கப் பார்த்தார். ஊசி குத்தியிருந்ததால் முடியவில்லை.

அன்று திரும்பும் வழியில் காரில் அம்மாவிடம் கேட்டேன்.

“உங்களுக்கு அன்னிக்கே தெரியுமாம்மா?”

“முழுக்கை ஜாக்கெட்டு. வாழப்பழம் வேணாம்னாங்க. காப்பிய நனைச்சு வெச்சாங்க. கிட்னி போனவங்களுக்குத்தான் வாழப்பழம் ஆகாது, தண்ணியும் அளவு. எனக்குத் தெரியாதா?” என்றார் அம்மா, கண்ணை மூடியபடி.

“அப்பறம் ஏம்மா கேக்கல?”

“நான் கேட்டா, அவங்க நம்மளத கேப்பாங்களே.”

ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன். ஹாரன் அலறி, முன்னால் போன மோட்டார் சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார். ஒரே ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே நோயை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால், அன்று சாயங்காலமே பெட்டிகள் ரேக்குக்குப் போயிருக்கும். அம்மா தூங்குவது போல இருந்தார். தூங்கவில்லை.

அடுத்த முறை நான் கூட்டிப்போனபோது அந்த அம்மாளே பேசினார். போர்வைக்குள்ளிருந்து மெதுவாக அம்மாவைக் கூப்பிட்டார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நான் இங்க வர்றது ஊருல யாருக்கும் தெரியாது. பையனுக்கு இன்னும் பொண்ணு பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்க வெளிய சொல்லிடாதீங்கக்கா.”

“நான் ஏன் சொல்லப் போறேன்?” என்றார் அம்மா. இவ்வளவு நடந்த பிறகும்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு, ஊசி குத்திய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். நர்ஸ் வந்து விலக்கினார். “ஆன்ட்டி, எத்தன வாட்டி சொல்றது? கைய மூடாதீங்க. ஊசி கழண்டு ரத்தம் போனா எங்களுக்குத் தெரியாது. உயிருக்கே ஆபத்து லா.”

சரி சரி என்றார். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி இழுத்து மூடிக்கொண்டார்.

நான் எழுந்து போய்ப் போர்வையை விலக்கினேன். அவர் மறு கையால் அதைப் பிடித்தார். நான் விடவில்லை. அம்மா, “பாப்பா” என்று அதட்டினார், மீன்காரரை அதட்டிய பழைய குரலில். அப்போதும் விடவில்லை. மெஷின் நிற்கும்வரை அந்தக் கைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.